டர்போ போச்சு, இன்ஜெக்டர் போச்சு என்பார்கள்: பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வடசென்னையில் பழைய ஸ்கார்ப்பியோ, சஃபாரி, பொலிரோ, இன்னோவா ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். மாதவரம் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் என் வண்டியில் இருந்த நல்ல இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் பாகம்) நான்கையும் கழட்டி எடுத்துக்கொண்டு, தேய்ந்துபோனதை மாட்டி அனுப்பி, 86,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். எந்தக் கோளாறுக்காக வண்டியை விட்டேனோ அது அப்படியே இருந்தது. கடைசியில் 3,400 ரூபாயில் சரியானது. புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

வண்டி 2011 ஸ்கார்ப்பியோ, 2.2 எம்ஹாக் இன்ஜின். அப்பா வாங்கியது. திருவொற்றியூரில் எங்களுக்குப் பாத்திர வாடகைக் கடை. சின்ன ஆர்டருக்குச் சாமான் போவதும் அதில்தான், குடும்பத்தோடு திருப்பதி போவதும் அதில்தான். 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஆயில், டீசல் ஃபில்டர் எதையும் தள்ளிப்போட்டதில்லை.

கோளாறு இதுதான். மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் இழுவையே இல்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் திணறுகிறது, பின்னால் கரும்புகை கொட்டுகிறது, டேஷ்போர்டில் இன்ஜின் லைட் எரிகிறது. நின்ற இடத்தில் ஐடிலில் மட்டும் சத்தம் சுத்தமாக இருந்தது. வழக்கமாகப் பார்க்கும் வியாசர்பாடி மெக்கானிக் அண்ணன் அப்போது ஊருக்குப் போயிருந்தார். தங்கச்சி சீமந்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் அந்தக் கடையில் விட்டேன்.

விடும்போது ஜாப் கார்டிலேயே எழுதி வாங்கினேன்: ஸ்கேன் மட்டும் போடுங்கள், என்ன என்று சொல்லுங்கள், கேட்காமல் எதையும் கழட்டாதீர்கள். சாயங்காலம் போன் வந்தது.

"சார், டர்போ கம்ப்ளீட்டா போச்சு. நாலு இன்ஜெக்டரும் காலி. கழட்டியாச்சு, வந்து பாருங்க."

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம். போய்ப் பார்த்தால் இன்ஜின் திறந்து கிடக்கிறது. யாரைக் கேட்டுக் கழட்டினீர்கள் என்றதற்குச் சூப்பர்வைசர் சொன்ன பதில்: "இன்னா சார், பதினாலு வருஷ வண்டி. கழட்டாம எப்டி பாக்குறது? திருப்பி மாட்டணும்னாலும் லேபர் குடுத்துட்டுதான் எடுக்கணும். பத்து வருஷம் தாண்டுன டீசல் வண்டிக்கு இனிமே எஃப்சியே கெடைக்காது, இப்பவே சரி பண்ணிக்கங்க."

இதில் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று பற்றிக் கடைசியாகச் சொன்னது அப்பட்டமான பொய். டீசலுக்கு 10 வருஷம் என்ற கணக்கு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன்பிறகு எஃப்சி காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். இந்தப் பயத்தைக் காட்டித்தான் பல பேரிடம் வேலையைத் தலையில் கட்டுகிறார்கள்.

ஸ்கேனரில் என்ன கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது என்று கேட்டேன். பி0299 என்று காட்டினார்கள். டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்பதுதான் அந்தக் கோடுக்கு அர்த்தம். டர்போ செத்துவிட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ஹோஸ் கிழிந்திருந்தாலும் அதே கோடு வரும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்குவம் டியூப் விட்டிருந்தாலும் வரும், அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார் தப்பாகக் காட்டினாலும் வரும். இன்ஜெக்டர் பற்றி ஸ்கேனரில் ஒரு கோடுகூட இல்லை. ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் குழாயில் அழுத்தம், குறைவு என்றால் பி0087 வந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. பிறகு எதை வைத்து நான்கும் காலி என்கிறீர்கள் என்றால், "எக்ஸ்பீரியன்ஸ் சார்" என்றார்கள்.

சீமந்தம் தலைக்கு மேல். வண்டி அவர்கள் கையில் பிரித்துக் கிடக்கிறது. பணத்தைக் கட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. பில் என்று ஒரு துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண் கிடையாது. "இன்ஜெக்டர் நியூ 4" என்று எழுதியிருந்தது. பழைய பார்ட்ஸைக் கொடுங்கள் என்றேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள்.

கடையைத் தாண்டி ஜிஎன்டி ரோட்டில் ஏறியதும் அதே திணறல், அதே கரும்புகை. போன் பண்ணினால், அப்படியென்றால் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போயிருக்கும், இன்னும் 45,000 ஆகும் என்கிறார்கள்.

வியாசர்பாடி அண்ணன் திரும்பி வந்ததும் அவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஸ்கேனரைத் தொடவே இல்லை. புகை என்ன நிறம் என்று கேட்டார். கருப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது அல்லது கூலன்ட் உள்ளே இறங்குகிறது. இவ்வளவு அடிப்படையான கேள்வியை அந்தக் கடையில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்து டார்ச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இன்டர்கூலருக்குப் போகும் தடி ரப்பர் ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போனார். மேல்பக்கம் காய்ந்திருந்தது. கிளிப்புக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், ஆயில் கசிந்து தூசி ஒட்டிக் களிம்பு மாதிரி இருந்தது. அங்கே அமுக்கினார். ரப்பர் வாய் திறந்து அவர் விரல் நகம் உள்ளே போனது. "இங்க பாருப்பா தம்பி. சும்மா நிக்கும்போது மூடிக்கும். மேட்ல ஏறும்போது காத்து அழுத்தம் வந்தா பொளந்துக்கும். டர்போ அடிக்கிற காத்து பூரா இதுல போயிடுது." சோப்புத் தண்ணீர் ஊற்றி, கம்ப்ரஸரில் மெதுவாகக் காற்று விட்டுக் காட்டினார். கிழிசல் நெடுக நுரை பொங்கியது.

ஹோஸ், இரண்டு கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். அன்றைக்கே மூலக்கடை மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தோம். புகையே இல்லை, பழைய இழுவை வந்துவிட்டது.

டர்போ போனதா என்று பார்ப்பதற்கும் பெரிய வேலை தேவையில்லை என்று அவர் சொன்னார். காற்று உள்ளே போகும் பக்கத்து ஹோஸைக் கழட்டி, ஷாஃப்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், அது ஆயில் நிற்பதற்கான இடைவெளி. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை ஓரம் ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோதான் டர்போ போனது. என் டர்போவை அப்படி யாரும் எனக்கு ஆட்டிக் காட்டவில்லை. அதையும் கழட்டி எடுத்துவிட்டு, ரீகண்டிஷன் செய்ததைத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

இன்ஜெக்டர் விஷயம்தான் என் வயிற்றெரிச்சல். வண்டியை எங்கே விட்டாலும் பானெட்டைத் திறந்து, இன்ஜின் கவரை எடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொள்வது என் வழக்கம். இன்ஜெக்டர் தலையில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருப்பார்கள், அதுவும் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. இப்போது வண்டியில் இருப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. புதுசு என்று பில் போட்டவற்றில் நட்டு முனையெல்லாம் ஸ்பானர் வழுக்கி மழுங்கியிருக்கிறது. ஒன்றில் எண்ணையே உரசி எடுத்திருக்கிறார்கள்.

அண்ணன் நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் லைனிலும் (மிச்ச டீசல் திரும்பிப் போகும் வழி) டியூப் மாட்டி, நான்கு பாட்டிலில் விட்டு, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டார். நல்ல இன்ஜெக்டர் என்றால் நான்கு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஏறும். என் வண்டியில் மூன்றாவது பாட்டில் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நிரம்பிவிட்டது. போன வருஷம் இதே அண்ணன் இதே டெஸ்டைப் பார்த்தபோது நான்கும் சமமாக இருந்தன. ஆக, நன்றாக இருந்ததை எடுத்துக்கொண்டு கெட்டதை மாட்டியிருக்கிறார்கள். காசு கொடுத்து வண்டியைக் கெடுத்துக்கொண்டு வந்த நிலைமை.

இனிமேல் யாராவது உங்களிடம் டர்போ, இன்ஜெக்டர், பம்ப், ஈசியு என்று பெரிய பார்ட்ஸ் பெயரைச் சொன்னால், எந்த டெஸ்டில் தெரிந்தது என்று கேளுங்கள். பாட்டில் டெஸ்டை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். புது இன்ஜெக்டர் என்றால் கம்பெனி பெட்டியும் ஜிஎஸ்டி பில்லும் கேளுங்கள். பெரும்பாலான காமன் ரெயில் வண்டிகளில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் வகை) புது இன்ஜெக்டரில் பொறித்த கோடு எண்ணை ஈசியுவில் பதிய வேண்டும், அதைப் பதிந்தார்களா என்றும் கேளுங்கள். கழட்டிய பார்ட்ஸ் உங்களுடையது. முன்னாடியே ஜாப் கார்டில் "பழைய பார்ட்ஸ் திருப்பித் தரவும்" என்று எழுத வையுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, முதலில் அங்கே பதிவு செய்யலாம். அதில் முடியவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். துண்டுச் சீட்டாக இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். ஜிபே அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், போன் பதிவு, பழைய படங்கள் எல்லாமே உதவும்.

நான் 1915-ல் பதிவு செய்து நோட்டீஸும் அனுப்பிய பிறகு, அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. 15,000 ரூபாய் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். என் டர்போவும் அந்த எண்கள் உள்ள என் நான்கு இன்ஜெக்டரும் முதலில் வரட்டும், மிச்சத்தை ஆணையத்தில் பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன்.