30 போர்டா, வேகத்தடையா, மேடான ஜீப்ராவா: நம் தெருவுக்கு எதைக் கேட்பது?

எங்கள் தெருவில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது, எதிரே ரேஷன் கடை, நாலு வீடு தள்ளி பால் பூத். பெரிய சாலையில் சிவப்பு விழுந்தால் வண்டியெல்லாம் உள்ளே புகுந்து போகிற குறுக்கு வழியும் இதுதான். போன மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் "ஒரு ஸ்பீடு பிரேக்கர் கேட்டு மனு கொடுப்போம்" என்று பேச்சு வந்தது, எல்லோரும் கையெழுத்துப் போடத் தயார். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். வேகத்தைக் குறைக்க வேறு வழிகளும் இருக்கின்றன, நம் தெருவுக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிட்டுக் கேட்கலாமே. அன்றிலிருந்து படித்ததையும் தெருவில் நின்று பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மணிக்கு 30 கி.மீ. என்ற கணக்கு ஏன் என்று பார்த்துவிடுவோம். ஒரு குழந்தை குறுக்கே வருவதைப் பார்த்து ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும், அதற்கப்புறம்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும். 30ல் போகிற கார் காய்ந்த சாலையில் அதே 14 மீட்டருக்குள் முழுசாக நின்றே விடும். இடிக்கும் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது, அதனால் 50ல் அது 30ல் இருப்பதைப் போல 2.8 மடங்கு. 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இதில் "பார்த்து நடக்கணும்" என்ற அறிவுரைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

சரி, போர்டு. சென்னையில் இதற்கு உத்தரவு ஏற்கெனவே இருக்கிறது. 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை கார்களுக்கு 60, இருசக்கர வண்டிகளுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியானாலும் 30 என்று வரம்பு வைத்தது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இது தெரியவில்லை. போர்டு வைத்தால் மட்டும் போதுமா என்பதற்கு வெளிநாட்டு அனுபவம் இரண்டு பக்கமும் பேசுகிறது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மையத்தில் 2016ல் 76 தெருக்களுக்கு மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ. வரம்பு வந்தது. தெருவின் வடிவம் மாறவில்லை, போர்டும் குறியும்தான். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோதும் விபத்துகளில் சொல்லும்படி மாற்றம் இல்லை. லண்டனிலும் அதே 20 மைல்தான், ஆனால் அங்கே மேடு போட்டு, சாலையைக் குறுக்கி, தெருவையே மாற்றினார்கள். 1986 முதல் 2006 வரையிலான கணக்கில் அந்த மண்டலங்களில் காயமும் உயிரிழப்பும் சுமார் 42 சதவீதம் குறைந்திருந்தன. இதை வைத்துப் போர்டே வீண் என்றும் சொல்ல முடியாது. வேல்ஸ் நாடு 2023 செப்டம்பரில் ஊருக்குள் இருக்கும் பெரும்பாலான சாலைகளுக்கு 20 மைல் என்று சட்டமே போட்டது. எதிர்த்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், ஆனாலும் அந்தச் சாலைகளில் காயம்படுவோர் எண்ணிக்கை குறைந்தது. அங்கே சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றாக வந்தது, கண்காணிப்பும் இருந்தது. நம் உள்தெருவில் நாள் முழுக்க ஸ்பீடு கன்னோடு யாரும் நிற்கப் போவதில்லை. அதனால் போர்டைக் கேட்போம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்து எல்லோரும் கேட்கிற வேகத்தடை. வேலை செய்கிறதா என்றால் செய்கிறது, அதுவும் போட்ட அன்றைக்கே. ஆனால் இந்திய சாலைக் குழுமத்தின் பழைய விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமுமாக, சுமார் 25 கி.மீ. வேகத்தில் குலுக்காமல் ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும். நாம் பார்ப்பதோ ஒரு முழ அகலத்துக்குத் தார் கொட்டிக் குவித்த வரப்பு. வெள்ளைக் கோடு கிடையாது, முன்கூட்டியே எச்சரிக்கிற போர்டு கிடையாது. இரவில் பைக்கில் வருகிறவருக்கு அது கண்ணுக்கே தெரியாது, பின்னால் ஒருபக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவோ அக்காவோ தூக்கி எறியப்படுவதற்கு அந்த ஒரு குலுக்கல் போதும். கர்ப்பிணிகளும் முதுகு வலிக்காரர்களும் ஆட்டோவில் படும் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வேகம் அந்த இடத்தில் மட்டும்தான் குறைகிறது, தாண்டினதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடுகிறார்கள். சாலையைக் கடப்பவருக்கென்று அது தனியாக ஒரு இடத்தையும் தருவதில்லை.

காவல்துறையின் இரும்புப் பேரிகேடை இடம் வலமாக மாற்றி மாற்றி வைப்பது தற்காலிகத்துக்குச் சரி, பள்ளி விடுகிற நேரத்துக்கு ரொம்பவே உதவும். இரவிலும் அப்படியே கிடந்தால் அதுவே ஆபத்து. நடை மேம்பாலம் பற்றி ஒரு வரி: ஜி.எஸ்.டி. சாலை மாதிரி அகலமான சாலைக்கு அது வேண்டுமானால் பொருந்தும், உள்தெருவில் மூட்டு வலியோடு ரேஷன் பையைத் தூக்கிக்கொண்டு படியேறச் சொல்வது நியாயமே இல்லை.

எனக்கு மனசுக்குப் பிடித்தது மேடான ஜீப்ரா கிராசிங்தான். பிளாட்பாரம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய 15 செ.மீ., அதே உயரத்துக்குக் கடக்கும் இடத்தைத் தூக்கி, மேலே தட்டையாக விட்டு, இரண்டு பக்கமும் சரிவு கொடுத்துவிடுவார்கள். வேகத்தடை செய்கிற வேலையை இதுவும் செய்கிறது, வண்டி ஏறித்தான் இறங்கியாக வேண்டும். ஆனால் குழந்தையும் பாட்டியும் சக்கர நாற்காலியில் வருகிறவரும் சாலையில் இறங்கவே தேவையில்லை, பிளாட்பாரத்திலிருந்து நேராக நடந்து போகலாம். ஓட்டுநர் கண்ணுக்கும் அவர்கள் கொஞ்சம் உயரத்தில் தெரிகிறார்கள். குறையும் உண்டு. மழைநீர் போக வழி விடாமல் கட்டினால் நம் ஊர் ஐப்பசி மழையில் அது அணைக்கட்டு மாதிரி தண்ணீரைத் தேக்கிவிடும், ஓரத்தில் வடிகால் விட்டே ஆக வேண்டும். பிளாட்பாரமே இல்லாத தெருவில் இதைக் கட்டியும் பயனில்லை. அடுத்த முறை சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் மேடு தரையோடு தரையாகிவிடும். செலவும் வேகத்தடையைவிடக் கூடத்தான்.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது முனையைக் குறுக்குவது. பெரிய சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும் வளைவு அகலமாக இருப்பதால் யாரும் வேகத்தைக் குறைக்காமலே திரும்புகிறார்கள். அந்த வளைவைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, பெயிண்டும் சில பொல்லார்டுகளும் (வண்டி ஏறாமல் தடுக்கும் குட்டைக் கம்பங்கள்) வைத்தாலே வண்டி மெதுவாகத்தான் திரும்ப முடியும், கடக்க வேண்டிய தூரமும் குறைகிறது. யாருக்கும் குலுக்கல் இல்லை, ஆம்புலன்ஸும் தடையில்லாமல் போகும். குறுகிய வண்டிப் பாதையும் அகலமான நடைபாதையும் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்துக்கு ஒரு மாலை போய் வாருங்கள். எல்லாத் தெருவுக்கும் அவ்வளவு தேவையில்லை, ஆனால் அங்கே தாத்தாக்கள் அவசரமில்லாமல் நடப்பதைப் பார்த்தால் நாம் எதைக் கேட்கிறோம் என்று புரியும்.

ஆக எங்கள் தெருவுக்கு என் தேர்வு: பள்ளி வாசலில் மேடான ஜீப்ரா, தெரு முனையில் குறுக்கல், இரண்டு நுழைவிலும் 30 போர்டு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சரிப்படும். கடைசி வரைக்கும் வேகத்தடைதான் தருவோம் என்றால் அகலமாக, பெயிண்ட் அடித்து, எச்சரிக்கை போர்டோடு போடச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

மனுவை மாற்றி எழுதிவிட்டோம். "ஸ்பீடு பிரேக்கர் வேண்டும்" என்ற வரியை எடுத்துவிட்டு, பள்ளி விடும் நேரத்தில் எத்தனை பிள்ளைகள் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று மூன்று நாள் எண்ணி எழுதியிருக்கிறோம், படமும் வரைந்து இணைத்திருக்கிறோம். சாலை மாநகராட்சியின் எந்தப் பிரிவுக்குக் கீழே வருகிறது என்று மாநகராட்சியின் 1913 உதவி எண்ணில் கேட்டுக்கொண்டு, ஒரு நகலைப் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கும் கொடுக்கப் போகிறோம். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு, அதாவது வார்டு மக்கள் குறைகளைச் சொல்லும் கூட்டத்துக்கு, பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.