பழுதான சி.எப்.எல். பல்ப்: கிடங்கா, குப்பை வண்டியா, மட்டைப்பெட்டியா?

யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்போது எல்.ஈ.டி. தான் அதிகம். அதற்குள் நச்சான பாதரசம் இல்லை. ஆனால் கழற்றிப் போட்ட, வளைந்த குழாய் வடிவ சி.எப்.எல். பல்ப்புகளும் ரியூப் லைற்றுகளும் இன்னும் தட்டுகளில் கிடக்கின்றன. ஒரு சி.எப்.எல்.லுக்குள் 3 முதல் 5 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கும். பழைய தடித்த ரியூப்பில் இன்னும் கூட. உடையாதவரை அது வெளியே வராது. எந்த வழியில் பல்ப் முழுசாகப் போய்ச் சேரும் என்பதுதான் என் கணக்கு.

வளவு மூலையில் கிடங்கு வெட்டிப் போடுவது பலரின் பழக்கம். எல்லா வழிகளிலும் இதுதான் மோசம். சருகோடு எரித்தால் கண்ணாடி வெடித்து, பாதரசம் ஆவியாகி, பக்கத்தில் நிற்பவரின் மூச்சில் ஏறும். புதைத்தாலும் நிம்மதியில்லை. நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதன் வெடிப்புகளால் சரியாக வடிபடாமலே கீழே இறங்கிவிடும். குடிக்கிற கிணறும் அதே வளவில்தான். சுன்னாகப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் பட்ட பாடு மறக்கக்கூடியதா?

குப்பை வண்டியில் போடுவது இலகு. ஆனால் பை வண்டிக்குள் நசுங்கி, பல்ப் உடையும். வரும் ஆவியை முதலில் சுவாசிப்பவர் பையை ஏற்றும் தொழிலாளி. மாநகரசபைக் குப்பை போய்ச் சேரும் கல்லுண்டாய்க்கு அருகே கடல்நீரேரி. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை இன்னும் நச்சுக் கூடிய மீதைல் பாதரசமாக்கினால் அது மீனில் சேரும். ஒரு பல்ப்பின் அளவு சின்னதுதான், ஆனால் ஊரே போட்டால்?

பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுக்கவே வேண்டாம். அவருக்குத் தேவை மூடியிலுள்ள உலோகம், உடைத்துத்தான் எடுப்பார்.

மிஞ்சுவது மட்டைப்பெட்டி. என் தெரிவும் இதுதான். பல்ப்பைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, ரியூப்பைப் புதிய ரியூப் வந்த உறையிலேயே செருகி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் பதிவுபெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடமோ, உள்ளூராட்சி சபை மின்கழிவு எடுக்கும் நாளிலோ கொடுக்கலாம். ரியூப் எடுப்பார்களா என்று முதலே கேளுங்கள். கணினியும் ரிவியும் மட்டும் எடுப்பவர்களும் உண்டு. முறையான ஆலையில் மூடிய இயந்திரத்துக்குள்தான் உடைப்பார்கள். கண்ணாடி, உலோகம், கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைத் தூள் தனித்தனியாகப் பிரியும். தூளைச் சூடாக்கிப் பாதரசத்தை வடித்தெடுப்பார்கள். காத்திருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள சிரமம். சரி, உடையாத பல்ப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் இருந்தாலும் கெடுதல் இல்லை.

கை தவறி உடைந்தால் தும்புத்தடியை எடுக்காதீர்கள். கூட்டினால் தூள் பரவும். மின்விசிறியை நிறுத்தி, யன்னலைத் திறந்து, எல்லோரும் கால் மணி நேரம் வெளியே நில்லுங்கள். அப்புறம் கையுறை போட்டு, தடித்த மட்டைத் துண்டால் அள்ளி, மிச்சத் தூளை ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டு அதே பெட்டியோடு வையுங்கள்.