டென்னசியின் கறுப்புச் சட்டி: லாட்ஜ் ஸ்கில்லெட் வாங்கலாமா?

அமெரிக்காவில் புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள் என்ன பாத்திரம் வாங்குவது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது லாட்ஜ் கம்பெனியின் பத்தேகால் அங்குல வார்ப்பிரும்புச் சட்டியைத்தான். ஸ்கில்லெட் என்பார்கள். வால்மார்ட், டார்கெட், சின்ன ஊர் ஹார்டுவேர் கடை என்று எங்கும் கிடைக்கும். விலை பெரும்பாலும் 20 முதல் 30 டாலருக்குள் அடங்கிவிடும். எடை ஐந்து பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் இரண்டரை கிலோவை நெருங்கும். குட்டையான கைப்பிடி, அதன் நுனியில் ஆணியில் மாட்ட ஒரு துளை, எதிர்ப்பக்கம் தூக்கிப் பிடிக்க ஒரு காது, எண்ணெயை வடிக்க இருபுறமும் சிறிய மூக்கு. அவ்வளவுதான் சாமான். மர வேலையோ திருகாணியோ எதுவும் கிடையாது, முழுக்க ஒரே வார்ப்பு.

நான் இருப்பது டென்னசி மாநிலத்துச் சாட்டனூகாவில். இந்தச் சட்டியை வார்க்கும் சவுத் பிட்ஸ்பர்க் இங்கிருந்து மேற்கே காரில் அரை மணி நேரம். வருடக்கணக்கில் தினமும் இதில்தான் சமைக்கிறேன். ஆனால் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது இங்குள்ளவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான். இரும்புச் சட்டி என்று பேச்சை எடுத்தால் போதும், ஒவ்வொருவரும் தங்கள் பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பாட்டியின் சட்டி மாதிரி இப்போது எவனும் செய்வதில்லை என்று முடிப்பார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை, இன்று கடையில் புதிதாக வாங்கினால் அந்த ருசி வருமா என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். இந்தப் பக்கத்து மரியாதைப்படி பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் நாங்கள் கூப்பிடுவோம். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் ஹனிதான். அவருடைய சட்டி அவர் பாட்டியிடமிருந்து வந்தது. அடியில் கம்பெனி பெயர் கிடையாது, கைப்பிடியில் 8 என்ற எண் மட்டும் இருக்கிறது. விறகடுப்புக் காலத்தில் அடுப்பின் வட்டத் துளைக்கு ஏற்றபடி சட்டிகளுக்கு எண் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம்தான் இன்னும் தொடர்கிறது. அந்தச் சட்டி அலமாரிக்குள் போவதே இல்லை. அடுப்பின் பின்பக்கம்தான் அதற்கு இடம். அதற்குப் பக்கத்தில் ஒரு காபித்தூள் டப்பா, உள்ளே பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றி இறைச்சியை வறுத்தபின் வடித்த கொழுப்பு. காலையில் பேக்கன், அதே கொழுப்பில் முட்டை, மாலையில் கார்ன்பிரட் என்னும் மக்காச்சோள ரொட்டி என்று ஒன்றின் மிச்சத்தில் அடுத்தது தயாராகும்.

கொழுப்பை டப்பாவில் சேர்க்கும் பழக்கம் வறுமையிலும் சிக்கனத்திலும் வந்தது. நடுவில் போரும் அதில் பங்கு கேட்டது. 1942-இல் தொடங்கி, சமையலில் மிஞ்சும் கொழுப்பைச் சேர்த்து இறைச்சிக் கடையில் கொண்டுவந்து கொடுங்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. அதிலிருந்து எடுத்த கிளிசரின் வெடிமருந்து செய்யப் போனது. அந்தத் தலைமுறைப் பெண்களிடம் வளர்ந்தவர்களுக்கு ஒரு கரண்டிக் கொழுப்பைக் கீழே கொட்ட இன்றும் மனம் வராது.

கார்ன்பிரட்டை அவர் செய்வதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். வெள்ளை மக்காச்சோள மாவு, மோர், முட்டை, உப்பு. சர்க்கரை கூடாது. சர்க்கரை போட்டால் அது கேக் என்பார், வடக்கத்திக்காரர்கள் செய்வது அது என்பார். இதில் தென்மாநிலத்துப் பெரியவர்கள் எந்த விட்டுக்கொடுப்புக்கும் வரமாட்டார்கள். மாவைக் கரைப்பதற்கு முன்பே சட்டியில் ஒரு கரண்டிக் கொழுப்பைப் போட்டு ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டும். கொழுப்பு உருகிப் புகை கிளம்பும் நேரத்தில் சட்டியை வெளியே எடுத்து மாவை ஊற்றினால் சொய்ங்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் சட்டி இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம். ஓரத்தில் மாவு உடனே குமிழ் விட்டுப் பழுப்பாகும். வெந்ததும் ஒரு தட்டை மேலே கவிழ்த்துச் சட்டியைத் தலைகீழாகத் திருப்பினால், அடிப்பக்கம் மொறுமொறுப்பாக முழு வட்டமாக விழும். கண்ணாடிப் பாத்திரத்திலும் அலுமினியத் தட்டிலும் செய்து பார்த்தேன். வேகும், சாப்பிடலாம். அந்த அடிப்பக்கம் மட்டும் வராது.

மறுநாள் மிச்சமிருக்கும் கார்ன்பிரட்டை இங்கே பெரியவர்கள் சாப்பிடும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். உயரமான கண்ணாடி டம்ளரில் உதிர்த்துப் போட்டு, குளிர்ந்த மோரை ஊற்றி, நீளமான ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவார்கள். சிலர் நறுக்கிய வெங்காயத்தைக் கடித்துக்கொள்வார்கள். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பிரியமான சட்டி ஒரு தலைமுறையில் கராஜுக்குப் போனது. டூபாண்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் 1938-இல் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்ளான், 1960-களின் தொடக்கத்தில் ஒட்டாத வாணலியாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. எடை குறைவு, பழக்கத் தேவையில்லை, கழுவுவது சுலபம். வேலைக்குப் போன பெண்களுக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பூச்சு தேய்ந்தால் வாணலியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் பழைய இரும்பைத் தேடி, இறந்தவர்களின் வீட்டுச் சாமான்களை விற்கும் எஸ்டேட் சேல்களில் அலைகிறார்கள். பென்சில்வேனியாவின் எரி நகரத்தில் 1865-இல் தொடங்கி 1957-இல் ஆலை மூடப்பட்ட கிரிஸ்வால்டு, ஒஹையோவின் சிட்னியில் 1891-இல் தொடங்கிய வாக்னர் ஆகிய பெயர்கள் அடியில் இருந்தால் விலை ஏறிவிடும். அரிய மாதிரிகள் பல நூறு டாலருக்குப் போகின்றன.

சரி, பழைய சட்டிக்கும் புதுச் சட்டிக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். பழையது வழவழவென்று இருக்கும், புதியது சொரசொரப்பு. இரண்டுமே ஈர மணல் அச்சில் உருகிய இரும்பை ஊற்றி வார்ப்பதுதான், மணலின் பொடிப்பொடியான தடம் மேலே விழத்தான் செய்யும். அந்தக் காலத்தில் வார்த்த பிறகு உட்புறத்தைக் கடைந்து வழவழப்பாக்கினார்கள். பிறகு செலவைக் குறைக்கப் பெரும்பாலான ஆலைகள் அந்த வேலையைக் கைவிட்டன. ஆக, பாட்டியின் சட்டி மாதிரி இப்போது செய்வதில்லை என்ற பேச்சில் பாதி உண்மை. இன்றும் உள்ளே கடைந்து கொடுக்கும் சிறிய கம்பெனிகள் உண்டு. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டனின் ஸ்மித்தி அதில் ஒன்று. அழகான சாமான்தான், ஆனால் விலை 100 டாலரைத் தாண்டும்.

மறு பாதியை யாரும் பேசுவதில்லை. அந்த வழவழப்பில் கடைசல் வேலைக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு நாள் தவறாத புழக்கத்துக்கும் உண்டு. எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி நன்றாகச் சூடாக்கினால் அது இரும்போடு இறுகி ஒரு கெட்டியான பூச்சாகிவிடும். நம் ஊரில் தோசைக்கல்லைப் பழக்குகிறோமே, அதே விஷயம்தான். ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் அந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், சொரசொரப்பின் பள்ளங்கள் நிரம்பும். என் லாட்ஜ் சட்டியில் வாங்கிய புதிதில் முட்டை பிடித்தது. இப்போது ஆம்லெட் வழுக்கிக்கொண்டு தட்டில் விழுகிறது. நான் செய்ததெல்லாம் தினமும் சமைத்ததும், தட்டையான முனையுள்ள இரும்புத் தோசைத்திருப்பியைப் பயன்படுத்தியதும்தான். பல நூறு டாலர் கொடுத்துப் பழைய சட்டி வாங்கி மாதம் ஒரு முறை எடுப்பவரைவிட, 25 டாலர் சட்டியில் தினமும் முட்டை போடுகிறவருக்குத்தான் பாட்டியின் சட்டி கிடைக்கும். இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

கம்பெனியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜோசப் லாட்ஜ் 1896-இல் இதை பிளாக்லாக் ஃபவுண்டரி என்ற பெயரில் தொடங்கினார். 1910-இல் ஆலை தீக்கிரையானது. சில தெரு தள்ளி மறுபடி கட்டி லாட்ஜ் என்று பெயர் வைத்தார்கள். இன்றும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. 2002-இல் ஆலையிலேயே சோயா எண்ணெய் பூசி, சூளையில் சுட்டுப் பழக்கியே விற்கத் தொடங்கியது இவர்கள் செய்த பெரிய காரியம். சாம்பல் நிறத்தில் பழக்காத இரும்பாக வாங்கி வீட்டில் புகை மூட்டத்தில் நின்று பழக்கும் வேலை மிச்சமானது. இளம் தலைமுறை திரும்பி வந்ததில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சவுத் பிட்ஸ்பர்க்கில் மூவாயிரம் பேர்தான். 1997 முதல் அங்கே ஏப்ரல் மாதத்தில் தேசிய கார்ன்பிரட் திருவிழா நடக்கிறது. 2022-இல் திறந்த வார்ப்பிரும்பு அருங்காட்சியகத்தில் கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிவரை 18 அடி நீளத்தில், ஆறரை டன்னில் ஒரு ராட்சதச் சட்டி நிற்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது போதும். எனக்குப் பிடித்தது ஆலைக் கடை. சிறு குறையுள்ள சட்டிகளை அங்கே தனியாக வைத்துக் குறைந்த விலைக்கு விற்பார்கள். குறை பெரும்பாலும் பார்வைக்குத்தான், சமையலுக்கு ஒன்றும் ஆகாது.

நம் சமையலுக்கு எப்படி? உருளைக்கிழங்கு ரோஸ்ட்டுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. கிளறாமல் விட்டால் ஒவ்வொரு துண்டிலும் பொன்னிறப் பொருக்கு கட்டும். மீன் வறுவல், அடை, பொடி இட்லி எல்லாம் அருமை. தோசைக்கு மட்டும் இந்தச் சட்டி வேண்டாம். சுற்றுச்சுவர் உயரமாக இருப்பதால் திருப்பியைச் சாய்த்து உள்ளே விட முடியாது, அடியும் குறுகல். அதற்கு அதே கம்பெனியின் பத்தரை அங்குல வட்ட கிரிடில் வாங்குங்கள். ஓரம் தாழ்வு, தோசை நன்றாக எழும்பும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு இரண்டையும் இதில் கொதிக்க விடாதீர்கள். புளிப்பு பூச்சை அரிக்கும், குழம்பிலும் இரும்பு வாடை ஏறும்.

வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் மெதுவாகத்தான் பரப்பும். மின்சார அடுப்பில் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைத்தால் நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. மிதமான தீயில் ஐந்து நிமிடம் காய விடுங்கள். கண்ணாடி மேற்பரப்பு அடுப்பானால் சட்டியை இழுக்காமல் தூக்கி வையுங்கள், கீறல் விழும். கைப்பிடியும் சட்டியோடு சேர்ந்தே சுடும், கைத்துணி இல்லாமல் தொடக்கூடாது. சூடான சட்டியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

சோப்பு போடக்கூடாது என்று இங்கே எல்லாப் பாட்டிகளும் சொல்வார்கள். அவர்கள் காலத்துச் சோப்பில் காரம் அதிகம், பூச்சை உரித்துவிடும், அதனால் அந்த எச்சரிக்கை அன்று சரி. இன்றைய பாத்திரம் கழுவும் திரவத்தில் அந்தப் பயம் இல்லை. ஊற வைக்காமல் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, ஒரு துளி எண்ணெய் தடவித் துடைத்து வைத்தால் துரு பிடிக்காது. நான் நல்லெண்ணெய் தடவுகிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் மட்டும் போடவே கூடாது.

மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இந்த அளவு ஒத்துவராது. எட்டு அங்குலச் சட்டி வாங்கலாம், இரண்டு பேருக்கு அது போதும். பழைய சட்டிதான் வேண்டும் என்று, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் யார்ட் சேலுக்குப் போகிறவர்கள் மேஜைமேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள், விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மங்கலாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். முக்கியமாக இன்னொன்று: இந்த ஊர்களில் தூண்டில் குண்டும் துப்பாக்கி ரவையும் வார்ப்பதற்கு ஈயம் உருக்கப் பழைய சட்டிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் ஈயப் பரிசோதனைக் குச்சி கிடைக்கும், துடைத்துப் பார்த்துவிட்டுச் சமையுங்கள். அந்தச் சந்தேகமே வேண்டாம் என்றால் புது லாட்ஜ் வாங்குங்கள்.