பவுசர் வந்தால் பெற்றோல் இல்லை

பருத்தித்துறை வீதியிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் முடக்கில் இருக்கும் பெற்றோல் செட்டுக்கு, அதன் தொழிலை மட்டும் வைத்துப் புள்ளியிட்டால், பாதிகூடக் கொடுக்க மாட்டேன். காசுக்குப் பதிலாக வங்கி அட்டை எடுக்க மாட்டார்கள். காற்றடிக்கும் இயந்திரத்தின்மேல் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. கழிப்பறைத் திறப்பு முகாமையாளரின் சட்டைப்பையில் இருக்கிறது, முகாமையாளரோ எப்போதும் சாப்பிடப் போயிருக்கிறார். இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட எனக்கு, எரிபொருள் ஏற்றிவரும் லொறியான பவுசர் வந்த அன்றுதான் பொறுமை போயிற்று.

மச்சானின் ஸ்கூட்டியோடு நான் நிற்க, முன்னால் இருவர் மட்டுமே மிஞ்சியிருந்த நேரத்தில் பவுசர் உள்ளே நுழைந்தது. உடனே பம்புகளை நிறுத்திச் சங்கிலியைக் கட்டிவிட்டார்கள். நிலத்தடித் தாங்கிக்குள் கோலை விட்டு அளப்பதும், குழாயைப் பூட்டி இறக்குவதும், அடங்கும்வரை காத்திருந்து மறுபடி அளப்பதுமாக முக்கால் மணித்தியாலம் போயிற்று. நான் இருக்கும் ரொறன்ரோவில் லொறி ஒரு மூலையில் தன்பாட்டில் இறக்கிக்கொண்டிருக்க, நாங்கள் மறுபக்கத்தில் அட்டையைச் செருகி, ஒரு மனித முகத்தையும் பாராமல் அடித்துக்கொண்டு போய்விடுவோம்.

இங்கே ஒருவரும் போகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மதிலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியைப் பார்த்து அந்தியேட்டி எப்போது என்று விசாரித்தார்கள். ஒருவர் கலியாணக் கார்ட் கட்டொன்றைப் பம்படிக்கும் பெடியனிடம் கொடுத்து, எந்தெந்த வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். "தம்பி, நீர் ஆற்றை மகன்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னதும், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயிலேயே அப்பா மோட்டார் சைக்கிள் ஓடிய கதையைப் புகை மணம் உட்பட விவரித்தார். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் அதை ஒப்பவில்லை. அப்போது இல்லையென்று தெரிந்து இருந்தோம், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அல்லவா வரும் வரும் என்று சொல்லி வரிசையில் படுக்கவைத்தார்கள் என்றார் அவர். ஜூன் கடைசியில் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்தும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். எது மோசம் என்று அங்கே தீர்ப்பாகவில்லை. கோபத்தோடு நின்ற நானும் இடையில் வாய் கொடுத்துவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சங்கிலி கழன்றபோது யாருக்குப் பின்னால் யார் என்று பெடியன் பிசகாமல் கூப்பிட்டான். "பூச்சியம் பாருங்கோ அண்ணை" என்று காட்டி அடித்தான்; அளவில் குறை சொல்ல முடியாது. மிச்சக் காசுக்குத்தான் தாள் இல்லை. அதற்குப் பதிலாக, இன்னாரின் மகன் என்று தெரிந்துவிட்டபடியால், எங்கள் ஒழுங்கைக்குரிய கார்ட்கள் இரண்டைக் கையில் திணித்தான். இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடிக்காமல் விடவில்லை; அவசரமாக ஸ்கூட்டி கேட்டிருந்த மச்சானுக்கு அது பொழுதுபட்ட பிறகே கிடைத்தது.