கிடைக்குழாயா, ஆழ்துளையா?

நிலத்தடி வெப்பப் பம்ப் குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடும். கோடையில் வீட்டின் சூட்டை மண்ணுக்குள் தள்ளும். இந்தச் சூட்டைச் சுமக்கும் திரவம் மண்ணுக்குள் புதைத்த குழாயில் ஓடும். சரி, அந்தக் குழாயை எப்படிப் புதைப்பது?

இடம் தாராளமாக இருந்தால் 1 முதல் 2 மீட்டர் ஆழத்தில் நீளப் பள்ளம் வெட்டிப் படுக்கவைக்கலாம். செலவு குறைவு. ஆனால் சூடு அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் மேல்மண்ணும் குளிர்ந்து கிடக்கும்.

ஆழ்துளையில் அந்தத் தொல்லை இல்லை. சுமார் 10 மீட்டருக்குக் கீழே வெப்பநிலை ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலும் 50 முதல் 150 மீட்டர் வரை துளையிட்டு, 'ப' வடிவில் திரும்பி மேலே வரும் குழாயை இறக்கி, சுற்றியுள்ள இடைவெளியைக் களிமண் கலவையால் அடைப்பார்கள். நடுவே காற்று தங்கினால் வெப்பம் சரியாகக் கடக்காது; இந்த வேலையில் அவசரமே கூடாது. துளையிடும் செலவு அதிகம்தான். இருந்தாலும் மனை சிறியதென்றால் என் தேர்வு ஆழ்துளையே.