மாம்பழத்தில் தொடங்கிய கியூபிசம்: கிருஷ்ணகிரியில் ஒரு ஞாயிறு ஓவிய வகுப்பு

நவீன ஓவியத்தின் அடிப்படைச் சொற்களையும் உத்திகளையும் பெரியவர்களுக்குக் கற்பிக்கும் ஞாயிறு வகுப்பு ஒன்று கிருஷ்ணகிரியில் ஒரு மாடி அறையில் நடைபெறுகிறது. எட்டு வாரங்களும் தவறாமல் சென்று வந்தேன். நல்ல ஓவியக் கண்காட்சி என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறிப் பழகிய எனக்கு இது பெருமகிழ்ச்சி.

எட்டிலும் சிறந்தது, ஒரு பொருளின் பல பக்கங்களையும் ஒரே படத்தில் காட்டும் கியூபிசம் பற்றிய வகுப்புதான். அதைத் தொடங்கிய ஓவியர்களான பிக்காசோ, பிராக் என்ற பெயர்களைச் சொல்வதற்கு முன்பே ஆசிரியர் ஆளுக்கொரு மாம்பழத்தைக் கையில் கொடுத்து, காம்புப் பக்கம், மூக்குப் பக்கம், அறுத்த முகம், கொட்டை ஆகிய நான்கையும் ஒரே தாளில் ஒரே வடிவமாக வரையச் சொன்னார். ஓர் இடத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவதை மட்டும் வரையும் பழைய வழக்கத்தை அவ்விருவரும் ஏன் கைவிட்டார்கள் என்பது, ஒரு மணி நேரம் திணறிய பிறகு விரிவுரை இல்லாமலேயே விளங்கியது. அடுத்த வாரம் கொலாஜ், அதாவது பொருள்களை ஒட்டி உருவாக்கும் படம். பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை 1912-இல் பிக்காசோ ஓவியத்தில் ஒட்டி, கயிற்றையே சட்டமாகச் சுற்றிய படத்தைக் காட்டிவிட்டு, நாங்கள் கொண்டுவந்த பேருந்துச் சீட்டுகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் ஒட்டச் சொன்னார். வரைந்த சீட்டு வெறும் சாயல். ஒட்டிய சீட்டோ ஓவியத்துக்குள் வந்த பின்னும் சீட்டாகவே இருக்கிறது. இந்த வேறுபாட்டை அன்றுதான் உணர்ந்தேன்.

இம்ப்ரெஷனிசம் வகுப்பு அந்த அளவுக்கு அமையவில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ என்ற துறைமுகக் காலைக் காட்சியின் தலைப்பிலிருந்து, 1874-ஆம் ஆண்டுக் கண்காட்சியைக் கேலி செய்த விமர்சகர் எடுத்த சொல்லே இயக்கத்தின் பெயராக நிலைத்த வரலாற்றை ஆசிரியர் அழகாகச் சொன்னார். ஆனால், வெளிச்சத்தையே உயிராகக் கொண்ட இயக்கத்தைச் சன்னல்கள் சாத்திய அறையில் டியூப் லைட்டின் கீழ் கற்பித்தால், நிழலுக்குள் நீலமும் ஊதாவும் இருப்பதை மாணவர் எங்ஙனம் காண்பார்? ஒரு விடியற்காலை கிருஷ்ணகிரி அணைக்கு அழைத்துச் சென்றிருந்தால் போதும்.

வகுப்பில் தந்த குறிப்பேட்டில் ஒரு பிழையையும் திருத்த வேண்டும். நவீன ஓவியமும், அடையாளம் காணக்கூடிய உருவம் எதுவும் இல்லாத அரூப ஓவியமும் ஒன்றே என்று அதில் உள்ளது. மோனேயின் துறைமுகக் காட்சியில் படகு படகாகவே தெரிகிறது; ஆயினும் அது நவீன ஓவியம். அரூபம் அதன் கிளைகளுள் ஒன்று மட்டுமே.

என் பெரிய வருத்தம், சென்னை ஓவிய இயக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான். அதன் முன்னோடியும், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவருமான கே.சி.எஸ். பணிக்கர், எழுத்துகளையும் குறியீடுகளையும் கொண்டே ஒரு முழு ஓவிய வரிசையைப் படைத்தார். கோலத்தையும் ஜாதகக் கட்டத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு நவீன ஓவியத்துக்குள் நுழைய அதைவிட நெருக்கமான வாசல் ஏது? விளம்பரம், காமிக்ஸ் போன்றவற்றை ஓவியமாக்கும் பாப் ஆர்ட்டுக்குச் செலவிட்ட இரண்டு வாரங்களில் ஒன்றை அவருக்குத் தந்திருக்கலாம்.

தூரிகை, அக்ரிலிக், தாள் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம், தரத்திலும் குறையில்லை. பணிக்கருக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் அடுத்த சுற்றிலும் சேர்வேன் என்று ஆசிரியரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.