இரும்பா, செராமிக்கா? வேகக் கார்களின் பிரேக் தேய்மானமும் செலவும்

வேகக் கார் வாங்குகிறவர் ஆப்ஷன் பட்டியலில் தயங்கி நிற்கும் இடங்களில் ஒன்று பிரேக். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் வட்டான டிஸ்க், இரும்பில் என்றால் காருடனே வரும். கார்பன் செராமிக் வேண்டுமென்றால் பெரிய தொகை கூடும். "விலை அதிகம்தான், ஆனால் தேயவே தேயாது, கணக்குப் போட்டால் லாபம்" என்பார் விற்பவர். "ட்ராக்குக்கு எடுத்துப் போனால் சீக்கிரமே போய்விடும், மாற்றப் போனால் தலை சுற்றும்" என்பார் ஏற்கெனவே அனுபவப்பட்டவர். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. இரும்பு உரசலில் தேய்கிறது, செராமிக் சூட்டில் எரிகிறது. எது அதிக நாள் வரும் என்பதை விட, உங்கள் காரில் எவ்வளவு சூடு ஏறப்போகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

சூடு என்றால் எவ்வளவு? ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து முழுக்க நிறுத்தும்போது பிரேக்கில் இறங்கும் ஆற்றலை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காரை 250-லிருந்து 100-க்குக் குறைத்தால் அது ஐந்தேகால் மடங்கு. கார் நிற்கக்கூட இல்லை, ஒரு வளைவுக்காக வேகம் குறைந்தது, அவ்வளவுதான். ரேஸ் ட்ராக்கில் இதை ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை செய்கிறோம், இடையில் டிஸ்க் ஆறுவதற்குச் சில நொடிகள்தான். அதனால் "இந்த பிரேக் எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது.

வார்ப்பிரும்பு

பழைய சரக்கு என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். சாம்பல் வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கிராஃபைட் செதில்கள் சூட்டை நன்றாகக் கடத்தும், அதிர்வையும் அடக்கும். போர்ஷேயின் தற்போதைய வேகக் காரான 911 ஜிடி3-இல் முன்சக்கர இரும்பு டிஸ்க்கின் விட்டம் 408 மி.மீ. அத்தனை பெரிய இரும்பு நிறையச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

இதன் பெரிய வசதி, தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். குறைந்தபட்சத் தடிமன் என்னவென்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். பெரும்பாலும் அது புது டிஸ்க்கின் தடிமனை விட 2 மி.மீ. அளவுக்குக் குறைவாக இருக்கும். மைக்ரோமீட்டரை வைத்து நாலைந்து இடத்தில் அளந்தால் பேச்சு முடிந்தது. சாலையில் ஓடும் காரில், டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் இரண்டு செட் தேய்வதற்குள் ஒரு செட் டிஸ்க் தேயும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ட்ராக்கில் இது செல்லாது. கனமான, சக்தி மிகுந்த காரில் சாலைக்கான பேட் ஓரிரு ட்ராக் நாட்களிலேயே முடிந்துவிடலாம். டிஸ்க்கும் தேய்ந்து போவதற்கு முன் விரிசல் விட்டுப் போகும்.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. ஆனால் விரிசல் தொடங்குவது அந்தத் துளைகளின் ஓரத்தில்தான். மேற்பரப்பில் மயிரிழை போல இருந்தால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு ஓடிவிட்டாலோ விளிம்பைத் தொட்டுவிட்டாலோ, அந்த டிஸ்க் பழைய இரும்புக் கடைக்குத்தான். அடிக்கடி ட்ராக் போகிறவர்கள் துளையில்லாமல் கோடு மட்டும் வெட்டிய டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். அலுமினிய நடுப்பகுதியும் தனி இரும்பு வளையமுமாக வரும் இரண்டு துண்டு டிஸ்க்கையும் பாருங்கள். முதல் தடவை விலை கூட. அப்புறம் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் ட்ராக் பழக்கம் உள்ளவருக்குக் கணக்கு சரியாகிவிடும். எடையும் குறையும், சூட்டில் வளையம் தடையில்லாமல் விரியவும் இடம் கிடைக்கும்.

போகிற போக்கில் ஒன்று. பிரேக் போட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? "டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றுங்கள்" என்று உடனே பில் நீட்டுவார்கள். பல நேரம் டிஸ்க் வளைந்திருக்காது. பேட்டின் பொருள் டிஸ்க் மேல் சமமில்லாமல் ஒட்டி, தடிமனில் மில்லிமீட்டரின் நூறில் ஓரிரு பங்கு வேறுபாடு வந்திருக்கும். நடுக்கத்துக்கு அதுவே போதும். தடிமன் இன்னும் மிச்சம் இருந்தால், மேற்பரப்பைச் சுத்தம் செய்து, பேட்டை முறைப்படி மறுபடி பழக்கி (பலமுறை பிரேக் போட்டுப் படிப்படியாகச் சூடேற்றி) பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கார்பன் செராமிக்

போர்ஷே இதை 2001-இல் 911 ஜிடி2-இல் கொண்டுவந்தது. 2002-இல் ஃபெராரி என்ஸோவில் வந்தது. விலைக்குக் காரணம் செய்முறை. கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தி, ஆக்சிஜன் இல்லாத உலையில் கரியாக்கி, அதன் நுண்துளைகளுக்குள் உருகிய சிலிக்கானை ஊறவிடுகிறார்கள். சிலிக்கான் உருகவே 1,414 டிகிரி செல்சியஸ் வேண்டும். அது கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடாக மாறிவிட்டால் வைரக் கருவி இல்லாமல் கடைந்தெடுக்க முடியாது. ஒரு டிஸ்க் முழுமையாக வெளியே வர வாரக்கணக்கில் ஆகும்.

அதே அளவு இரும்பு டிஸ்க்கோடு பார்த்தால் எடை ஏறக்குறைய பாதி. சக்கரத்தோடு சுற்றும் எடை குறைவதால் ஸ்டியரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் வித்தியாசம் தெரியும். துரு பிடிக்காது, சக்கரத்தில் கறுப்புத் தூள் அப்பாது. ஆனால் "செராமிக் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும்" என்பது தவறு. நல்ல நிலையில் இருக்கும் இரும்பு பிரேக்கே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் எல்லை வரை சக்கரத்தைப் பிடித்துவிடும். அதற்கு மேல் காரை நிறுத்துவது டயரின் பிடிமானம்தான். செராமிக்கின் அருமை பத்தாவது, பதினைந்தாவது தடவை அழுத்தும்போதும் பெடல் மாறாமல் இருப்பதில் இருக்கிறது. ஃபார்முலா 1 காரில் இருப்பதும் இதுவும் ஒன்று என்று நினைப்பவர்களும் உண்டு. அது கார்பன்-கார்பன், நன்றாகச் சூடேறாமல் பிடிக்கவே பிடிக்காது. சாலைக் கார்களின் செராமிக் குளிரிலும் பிடிக்கும்.

இப்போது தேய்மானம். சாலையில் விற்பவர் சொன்னதுதான் நிலவரம்: டிஸ்க் காரின் ஆயுள் வரை வரக்கூடியது, பேட் மட்டும் தேயும். ட்ராக்கில் கதை மாறுகிறது. 400, 500 டிகிரியைத் தாண்டினால் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல எரியத் தொடங்கும். மேற்பரப்பு சொரசொரப்பாகி, இழைகள் இருந்த இடத்தில் குழி விழும். தடிமன் அப்படியே இருக்கும், எடை குறைந்துகொண்டே போகும். மைக்ரோமீட்டர் "புதுசு" என்று சொல்லும்போதே டிஸ்க்கின் ஆயுள் முடிந்திருக்கலாம்.

அதனால்தான் பல செராமிக் டிஸ்க்குகளில் தடிமனோடு குறைந்தபட்ச எடையையும் பொறிக்கிறார்கள். டிஸ்க்கைக் கழற்றி, சுத்தம் செய்து, தராசில் வைக்க வேண்டும். கழற்றாமல் மின்முறையில் உள்ளே எவ்வளவு கார்பன் மிச்சம் என்று பார்க்கும் கருவிகளும் இருக்கின்றன, எல்லாப் பணிமனையிலும் இருக்காது.

இன்னொரு பயம், சில்லு பெயர்வது. டயர் மாற்றும்போது சக்கரம் நழுவி டிஸ்க் விளிம்பில் இடித்தால் துண்டு பெயரும். பெயர்ந்தது கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டினால் மாற்றித்தான் ஆக வேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போது, அது நழுவாமல் தாங்க போல்ட் துளையில் செருகும் வழிகாட்டி ஊசி போடச் சொல்லுங்கள். சின்னச் சாமான், பெரிய செலவைத் தடுக்கும்.

பணக் கணக்கு

ஒரு செராமிக் டிஸ்க் இரும்பு டிஸ்க்கை விடப் பல மடங்கு விலை. ஐந்து, ஆறு மடங்கு என்பது சாதாரணம். அப்படியென்றால் முதலீடு சரிக்குச் சரி வரவே ஐந்தாறு செட் இரும்பு டிஸ்க்கைத் தேய்த்திருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் காரில் யாரும் அத்தனை செட் தேய்ப்பதில்லை. தேய்க்கிற அளவுக்கு ஓட்டுகிறவர் ட்ராக்கில் ஓட்டுகிறவர், அங்கே செராமிக்கும் எரிந்து தீரும். ஆக, செராமிக் காசை மிச்சம் பிடிக்கும் என்ற வாதம் சாலையிலும் நிற்கவில்லை, ட்ராக்கிலும் நிற்கவில்லை. எடைக்காகவும், சுத்தமான சக்கரத்துக்காகவும், அந்தப் பெடல் உணர்வுக்காகவும் வாங்கலாம், தப்பே இல்லை. சிக்கனம் என்று பெயர் வைக்காதீர்கள்.

போர்ஷேயே தன் 911 ஜிடி3 கப் ரேஸ் காரில் இரும்பு டிஸ்க்தான் போடுகிறது. செராமிக்கோடு வந்த காரை வாங்கிய பலர் அதைக் கழற்றிப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, ட்ராக்குக்கு இரும்பு டிஸ்க் மாட்டிக்கொள்கிறார்கள். பேட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றுக்கானது மற்றதற்கு ஆகாது. காரை விற்கும்போது செராமிக்கைத் திரும்ப மாட்டிக் கொடுக்கலாம். எனக்குத் தெரிந்த வரை இதுதான் புத்திசாலித்தனமான வழி.

எந்த டிஸ்க் போட்டாலும் பிரேக் ஆயிலை மறக்கக் கூடாது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் தரை வரை போகும், டிஸ்க் எத்தனை விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி. ட்ராக்குக்கு முன் புது ஆயில் ஊற்றுவது இந்தப் பட்டியலிலேயே மலிவான வேலை.

நடுவில் ஒரு வழி

2017-இல் கயென் காரோடு போர்ஷே மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தது: வார்ப்பிரும்பு டிஸ்க்கின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு. பூச்சு மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரும்பை விட ஆயுள் 30 சதவீதம் வரை கூடும், தூள் 90 சதவீதம் வரை குறையும் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. செராமிக்கை விட விலை வெகுவாகக் குறைவு. ஆனால் எடை குறையாது, அடியில் இருப்பது அதே இரும்பு. ட்ராக் நினைப்பே இல்லாமல், கனமான எஸ்யூவியைத் தினமும் ஓட்டுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மின்சார வேகக் காருக்கும் இது பொருந்தும். தன் மின்சாரக் காரான டைக்கானில் அன்றாட பிரேக்கிங்கில் 90 சதவீதம் வரை மோட்டாரே பார்த்துக்கொள்ளும் என்கிறது போர்ஷே. அங்கே டிஸ்க்குக்கு எதிரி தேய்மானம் அல்ல, துரு. உரசாமல் கிடக்கும் இரும்பில் துரு ஏறும், பூச்சும் செராமிக்கும் அதிலிருந்து தப்பிக்கும். ஐரோப்பாவின் யூரோ 7 வாகன மாசு விதிகள் முதல்முறையாக பிரேக் தூளுக்கே வரம்பு வைத்திருப்பதால், பூச்சு போட்ட டிஸ்க்குகள் சாதாரணக் கார்களுக்கும் இறங்கி வரும்.

பழைய கார் வாங்குகிறவருக்கு

போர்ஷேயில் மஞ்சள் காலிப்பர் (பேட்டைத் தாங்கி அழுத்தும் கவ்வி) என்றால் செராமிக் என்று அர்த்தம், ஆனால் காலிப்பரின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே இரும்பு டிஸ்க் மாட்டியிருக்கலாம். அப்படியென்றால் அசல் டிஸ்க் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். செராமிக்கே மாட்டியிருந்தால் நாலு டிஸ்க்கின் எடையையும், ஒவ்வொன்றிலும் பொறித்த குறைந்தபட்ச எடையையும் எழுத்தில் வாங்குங்கள். விளிம்பைச் சுற்றி டார்ச் அடித்துச் சில்லு பார்க்க வேண்டும். எடை தெரியாது, அளக்கவும் விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், புதிய செராமிக் செட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.